நூற்றுப் பதினெட்டாம் மரம்

மே 4

காலை ஆறரைக்குச் சோலைக்குள் போனேன். அட்டைகள் இன்னும் வரவில்லை. இரண்டு மழை பெய்தால் வந்துவிடும்.

காய் இருக்கிறது. ஆர்க்கிட் காய், சுண்டுவிரல் நீளம், நிறம் மாறாத பச்சை. மேட்டுப் பாதையில் நின்றால் அது இருக்கும் கிளை என் கண் உயரத்துக்கு வருகிறது. இடையில் முப்பது அடிப் பள்ளம். பைனாகுலரில் பார்த்தேன். பிப்ரவரியில் ஏழு பூ பூத்தது, ஒன்றுதான் காய்த்தது. எந்தப் பூச்சி வந்து அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது என்று எனக்குத் தெரியாது.

இந்த மலையில் இந்த வகை ஆர்க்கிட் எங்களுக்குத் தெரிந்து மூன்று செடிதான் மிச்சம். மற்ற இரண்டும் பூத்ததே இல்லை. ஆக, இந்த ஒரே காய். நவம்பரில் வெடித்தால் தூசிபோல லட்சக்கணக்கில் விதை பறக்கும். அதில் ஒன்று எங்காவது ஒரு மரப்பட்டையில் ஒட்டினால் போதும். அதுவரை காய் கிளையில் இருக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான், போய்ப் பார்த்துவிட்டு வருவது.

சோலை என்றால் பெரிய காடு இல்லை. மஞ்சப்பாறை எஸ்டேட்டின் தேயிலைக்கு நடுவில் தப்பிப் பிழைத்த நாற்பது ஏக்கர். பெரிய மரங்களுக்கெல்லாம் எண் அடித்த அலுமினியத் தகடு உண்டு. எந்த மரத்தில் என்ன இருக்கிறது என்பது அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். என் செடி இருப்பது 118-இல், வெடிப்பலா மரம். பதிவேட்டில் 141 என்று எழுதியிருக்கிறேன். கட்டுரைகளில் ஆர்க்கிட் இருக்கும் இடத்தை மங்கலாக எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். இடம் அச்சில் வந்த மறுமாதமே சாக்குப் பையோடு ஆள் வந்துவிடுவான். ஆனால் சொந்த அலுவலகப் பதிவேட்டில் மாற்றி எழுதுவது வழக்கம் இல்லை.

தயாளன் சாரிடம் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

மே 6

காஸ் சிலிண்டர் வந்தது. பணம் பெனிட்டா பாதி, நான் பாதி.

தயாளன் சார்தான் எங்கள் காட்டுயிர் ஆராய்ச்சி அலுவலகத்துக்குப் பொறுப்பு. ஜூன் ஐந்தாம் தேதி எஸ்டேட் பள்ளியில் சுற்றுச்சூழல் தினக் கண்காட்சி. என்னைக் கூப்பிட்டார்.

"சுடர்விழி, ஒரு போர்டு வேணும். ஒரு பக்கம் சிங்கவால் குரங்கு, ஒரு பக்கம் உங்க ஆர்க்கிட். ரெண்டையும் ஒப்பிட்டு, ஸ்கூல் பிள்ளைங்க படிக்கிற மாதிரி."

"என்ன சார், போட்டியா வைக்கிறீங்க?" என்றாள் பெனிட்டா. "என் ஆளு ஜெயிச்சுரும். மூஞ்சி இருக்கு, பிடரி இருக்கு, வாலு இருக்கு. அவ ஆளுக்கு என்ன இருக்கு?"

"பூ இருக்கு" என்றேன்.

"வருஷத்துல பத்து நாளு. மிச்ச நாளெல்லாம் வெங்காயத்தாள் மாதிரி தொங்கிட்டு கெடக்கும்."

பெனிட்டா இந்த எஸ்டேட்டின் தொழிலாளர் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தேயிலை ஃபேக்டரியில் இருந்தவர். நாங்கள் குவார்ட்டர்ஸில் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்கிறோம். அவள் பின்தொடரும் கூட்டத்தில் இருபத்து நான்கு குரங்குகள். ஒவ்வொன்றையும் அடையாளம் தெரியும், பெயரும் வைத்திருக்கிறாள். ஆராய்ச்சிக்கு அது நல்லதில்லை என்று ஒருமுறை சொன்னேன். "உன் செடிக்கும் ஒண்ணு வை, யாரு வேணாம்னா?" என்றாள்.

போர்டுக்குக் குறிப்பு: இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வெளியே கிடையாது. இரண்டும் மழைக்காட்டு உச்சிக் கிளைகளில் வாழ்பவை. குரங்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி போட்டு, அதைக் கீழே விடாமல் வளர்க்கும். ஆர்க்கிட் லட்சம் விதையைக் காற்றில் விட்டுவிட்டு எதையும் வளர்க்காது. முடிவில் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது.

மே 9

சோலையை ஒட்டிப் போகும் சாலையின் வளைவை அகலப்படுத்த எட்டு மரங்களை வெட்டிவிட்டார்கள். கிளைக்குக் கிளை தாவிச் சாலையைக் கடந்த குரங்குகளுக்கு இப்போது நடுவில் ஆகாயம்தான் இருக்கிறது. இறங்கி நடந்து கடக்கின்றன. பெனிட்டா காலை முழுவதும் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு வண்டிகளை நிறுத்தினாள். ஒரு சுற்றுலா வேன்காரர் கண்ணாடியை இறக்கி, "அக்கா, குரங்குக்கு டிராபிக் போலீஸா?" என்று கேட்டாராம். "ஆமாண்ணே, ஹார்ன் அடிச்சா ஃபைன்" என்றாளாம்.

மாலையில் அலுவலகத்தில் கூட்டம். சாலைக்கு மேலே பாலம் கட்டுவது என்று முடிவு. தீயணைப்பு வண்டிகளில் கழித்துப்போட்ட குழாய்களை நீளமாகக் கிழித்து ஏணிபோல முடைந்து, இரண்டு பக்க மரங்களிலும் இழுத்துக் கட்டுவது. மழை பிடிப்பதற்குள் கட்ட வேண்டும். ஈரமரத்தில் ஆள் ஏற முடியாது.

அந்தப் பக்கம் ஒரு நாவல் மரம் சரியாக இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு பெனிட்டா பதிவேட்டைப் புரட்டினாள்.

"சார், 118. வெடிப்பலா. அதுங்க டெய்லி வந்து நிக்கிற கிளை ரோட்டுப் பக்கமே நீண்டு கெடக்கு. பதிவேட்டுல வேற எதுவும் இல்ல. கூடு இல்ல, செடி இல்ல. சுத்தமா இருக்கு."

நான் சொன்னது: "அந்தக் கிளை உளுத்திருக்கு. நான் பார்த்தேன். பாரம் தாங்காது."

எல்லோரும் என்னை நம்பினார்கள். நான் தினமும் அந்தப் பக்கம் போகிறவள்.

பழைய மரம் எதிலும் எங்காவது ஒரு பொந்து இருக்கத்தான் செய்யும். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. நவம்பர் வரைக்கும்தானே. காய் வெடித்தபிறகு நானே சொல்லி மாற்றிவிடலாம்.

மே 13

122-இல் கட்டினார்கள். 118-இலிருந்து இருபது தப்படி தள்ளி நிற்கும் மரம். மணியன் ஏறினார். அவர் காடர் பழங்குடி, முப்பத்தைந்து வயது இருக்கும். தேன் எடுக்கும் குடும்பம். பெனிட்டாவைக் 'குரங்கு மேடம்' என்றும் என்னைப் 'பூ மேடம்' என்றும்தான் கூப்பிடுவார்.

உச்சியிலிருந்து கத்தினார்: "குரங்கு மேடம்! இதுல போறதுக்கு உங்க குரங்குக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு! மொதல்ல நீங்க ஆடாம எறங்குங்க!"

கயிறு காற்றில் போய் 118-இன் உச்சியில் சிக்கிக்கொண்டது. அதிலும் ஏறி எடுத்துவிட்டு வந்தார். அவர் மேலே இருந்த பத்து நிமிடமும் நான் பைனாகுலரை இறக்கவில்லை. காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

குழாய் நீளம் போதவில்லை, ஒட்டுப்போட வேண்டியிருந்தது. பாலம் நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது.

மே 15

பாலத்தைக் குரங்குகள் பயன்படுத்தவில்லை. துணி துவைத்தேன், காயவில்லை.

மே 17

பயன்படுத்தவில்லை. மலையணில் ஒன்று பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது.

மே 20

பயன்படுத்தவில்லை. கூட்டம் 118-க்கு வருகிறது. அந்தக் கிளையின் நுனிவரை நடந்து, சாலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அடிமரம் வழியாக இறங்கி ரோட்டுக்குப் போகிறது. செடி இருப்பது கிளையின் அடிப்பக்கம், சருகு சேர்ந்த கவட்டையில். வருகிற அவசரத்தில் அதை அவை கவனிப்பதில்லை. நாள் முழுக்க அங்கே தங்கினால் கவனிக்கும்.

"இருபது தப்படிதானே, போகக் கூடாதா?" என்று கேட்டேன்.

"உனக்கு பஸ் ஸ்டாப்பை மாத்தினா நீ போவே. போர்டு படிப்பே" என்றாள் பெனிட்டா. "அதுங்களுக்கு 118 தான் ஸ்டாப்பு. அந்தக் கிளை மட்டும் நல்லா இருந்திருந்தா..."

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வந்தது. நன்றாக இருந்தது. நான் குறைவாகவே சாப்பிட்டதாக அவள் சொன்னாள்.

மே 22

மழை. மின்சாரம் இல்லை. மதியமே இருட்டிவிட்டது. போர்டுக்கு எழுத உட்கார்ந்தேன்.

காந்தள், வேங்கை, குறிஞ்சி என்று மலைப்பூக்களை எண்ணி எண்ணிப் பாடியிருக்கிறார்கள் பழைய புலவர்கள். மரத்தில் தொற்றி வளரும் இந்தப் பூவைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? பெயர் சொல்லிப் பாடியதாக எனக்கு நினைவில்லை. குரங்கைப் பாட்டுக்குப் பாட்டு, குட்டியோடும் பலாவோடும் கொண்டுவந்துவிடுகிறார்கள். மனிதருக்கு முகம் வேண்டியிருக்கிறது. திரும்பிப் பார்க்கும் ஒன்றைத்தான் நாம் பார்க்கிறோம்.

அதனால் இரண்டையும் காப்பாற்றும் வழியும் வேறு வேறாகிவிட்டது. குரங்கை எல்லோருக்கும் தெரிய வைத்துக் காப்பாற்றுகிறோம். டிரைவருக்கு, டீக்கடைக்காரருக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு. தெரிந்தால் வண்டி நிற்கும். ஆர்க்கிட்டை ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றுகிறோம். தெரிந்தால் காணாமல் போகும்.

படித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. போர்டுக்கு நீளம் அதிகம். இரண்டாவது பத்தியை அடித்துவிட்டேன். போர்டைத் தயாளன் சார் படிப்பார்.

மே 27

காலை ஏழு இருபதுக்கு வளைவில் ஒரு வேன் குரங்கு ஒன்றை அடித்துவிட்டது. நிற்கவில்லை. பெனிட்டா சாலையின் மறு முனையில் வேறொரு லாரியை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு இரண்டு கைதான்.

நான் போனபோது அவள் அதைச் சாலையோரத்துக்குத் தூக்கி வந்து பெரணி இலை மேல் கிடத்தியிருந்தாள். பெண் குரங்கு. இடது காது பிளந்தது. 'கிழிசல்காது' என்று அவள் பேர் வைத்தது. வயது ஏறக்குறைய பன்னிரண்டு.

"டேப்பை அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

பிடித்தேன். தலையிலிருந்து வால் அடி வரை ஐம்பத்தொன்று சென்டிமீட்டர். வால் முப்பத்து மூன்று. பின்னங்கால், முன்னங்கை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்து தாளில் எழுதினாள். கையெழுத்து எப்போதும்போல உருண்டையாக இருந்தது.

"பால் இருக்கு" என்றாள்.

குட்டி பதினொரு மாதத்தது. தடுப்புச்சுவர் மேல் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கூட்டம் கடந்து போய் அந்தப் பக்கம் மேய ஆரம்பித்தபிறகும் கூப்பிட்டது. எட்டேகால் வாக்கில் தானாக இறங்கி, சாலையைக் கடந்து, கூட்டத்தின் பின்னால் போனது. அதற்கு வழி விட்டு நான்கு வண்டிகள் நின்றன. எல்லா டிரைவர்களும் இன்ஜினை அணைத்துவிட்டார்கள்.

வனத்துறை ஆட்கள் வந்து உடலை எடுத்துப் போனார்கள். பெனிட்டா கையைக் கழுவினாள். நானும் கழுவினேன்.

சோலைக்குப் போகவில்லை.

மே 28

118-இன் கிளை உளுக்கவில்லை.

மே 30

நேற்றே சொல்லியிருக்கலாம். நேற்று பெனிட்டா வீட்டுக்குப் போயிருந்தாள்.

காலையில் பதிவேட்டை எடுத்துத் தயாளன் சார் மேஜையில் விரித்து வைத்தேன். பெனிட்டாவையும் கூப்பிட்டேன். 141-இல் எழுதியது பொய் என்றேன். செடி 118-இல் இருக்கிறது, கிளை நல்ல கிளை என்றேன். இதையெல்லாம் நின்றுகொண்டேதான் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ரெஜிஸ்டரை வச்சுத்தான் எல்லா முடிவும் எடுக்கிறோம், சுடர்விழி" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பெனிட்டாதான் பேசினாள்.

"எதுக்கு மாத்தி எழுதினே?"

"திருட்டுப் போயிடும்னு."

"இந்த ரெஜிஸ்டரைப் பாக்கறது யாரு? நானு, சாரு, மணியண்ணன். இதுல யாருடி திருடன்?"

நான் பதிவேட்டை மூடினேன்.

"சரி. அன்னைக்கு மீட்டிங்ல என்ன வந்துச்சு? 'பெனிட்டா, அதுல என் செடி இருக்கு'ன்னு ஒரு வார்த்தை. நான் முடியாதுன்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். நீயும் போட்டிருக்கணும். எதிர்ல நின்னு போட்டிருக்கணும். பதினெட்டு நாளு நான் அந்த ரோட்டுல துண்டை ஆட்டிக்கிட்டு நின்னேன். நீ எனக்கு டீ போட்டுக் கொண்டாந்து குடுத்தே."

சார் நடுவில் வந்தார். பாலத்தை 118-க்கு மாற்றினால் செடிக்கு என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டார். குரங்குகள் அங்கே கூடித் தங்கும், காயைப் பறிக்க வாய்ப்பு அதிகம் என்றேன். செடியைப் பெயர்த்து வேறு மரத்தில் கட்டினால்? வேர் பட்டையோடு ஒட்டியிருக்கிறது, அறுந்தால் முதலில் உதிர்வது காய். கம்பிவலை போட்டு மூடினால்?

"வலை போட்டா அதுங்க அந்தக் கிளைக்கே வராது சார்" என்றாள் பெனிட்டா. "புதுசா எதைப் பார்த்தாலும் பத்து நாளு ஒதுங்கும். மறுபடியும் ரோடுதான்."

"என்ன செய்யலாம்?" என்று சார் பொதுவாகக் கேட்டார்.

"அவ சொல்லட்டும்" என்றாள் பெனிட்டா.

பாலத்தை மாற்றுங்கள், வலை வேண்டாம் என்றேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ மண்வெட்டியைக் கல்லில் தட்டி மண் உதிர்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார் சார். என் ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று நான் கேட்கவில்லை.

மே 31

கடிதம் கொடுத்தேன். ஒரு பக்கம். பதிவேட்டில் 141-ஐச் சிவப்பு மையால் அடித்து, 118-க்கு நேரே எழுதித் தேதி போட்டேன்.

சமையலறையில் இன்று இரண்டு குக்கர். அவள் அவளுக்கு, நான் எனக்கு. முன்பு நான் பருப்பு வேகவைத்தால் அவள் தாளிப்பாள். எனக்குத் தாளிப்பு சரியாக வராது. இன்றும் கடுகு கருகிவிட்டது.

ஜூன் 2

நேற்றும் இன்றும் வெயில். மணியன் காலையிலேயே ஏறிவிட்டார். 122-இலிருந்து பாலத்தை அவிழ்த்து 118-க்குக் கொண்டுவந்து கட்டினார். முடிச்சு செடியிலிருந்து நான்கடி தள்ளி. மரப்பட்டை அறுபடாமல் இருக்க சைக்கிள் டியூபைச் சுற்றினார். ஒட்டுப்போட்ட துண்டு இப்போது தேவைப்படவில்லை. தொய்வும் இல்லை.

இறங்கி வந்து பீடி பற்ற வைத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"கெளை கல்லாட்டம் இருக்கு, பூ மேடம். அன்னைக்கு கவுறு சிக்குனப்பவே தட்டிப் பாத்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"செடியையும் பாத்தேன். காயையும் பாத்தேன்." புகையை வேறு பக்கம் ஊதினார். "நீங்க உளுத்துப்போச்சுன்னு எல்லார்த்துக்கும் முன்னால சொல்லீட்டீங்க. நான் வந்து இல்லேன்னு சொன்னா உங்களுக்கு அசிங்கம். சரி, படிச்ச புள்ள, எதாச்சும் காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

"காரணம் இருந்துச்சு."

"இருந்துச்சுதான். இருந்து என்ன பண்ண?"

பீடியை முழுதாகக் குடித்துவிட்டு, கல்லில் தேய்த்து அணைத்து, துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

ஜூன் 5

கண்காட்சி. என் போர்டு நுழைவாயிலிலேயே இருந்தது. குரங்குப் படம் ஒரு முழம், ஆர்க்கிட் படம் உள்ளங்கை அளவு. அச்சடித்தவர் இடத்துக்குத் தகுந்தபடி வெட்டிவிட்டார். எழுத்து மட்டும் இரண்டு பக்கமும் சமம். எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் முழுதும் படித்தார்கள். ஒருத்தி, "மிஸ், ரெண்டுல ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்னா எதைக் காப்பாத்துவீங்க?" என்று கேட்டாள். அப்படி ஒரு நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை என்றேன். அவள் திருப்தியடைந்த மாதிரித் தெரியவில்லை. அடுத்த போர்டின் ஓரத்தில் பெனிட்டா நின்றிருந்தாள். கேட்டிருப்பாள்.

ஜூன் 6

கூட்டம் 118-க்கு வந்தது. பாலத்தைத் தொட்டுப் பார்த்தது. போகவில்லை.

ஜூன் 7

மழை. குடை கிழிந்திருக்கிறது. டவுனுக்குப் போனால் தைக்கக் கொடுக்க வேண்டும். காய் இருக்கிறது.

ஜூன் 8

ஐந்தே முக்காலுக்கு பெனிட்டா என் அறைக் கதவைத் தட்டினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு.

"ரோட்டை நான் பாத்துக்கறேன். மேட்டுல நின்னு எண்ணறதுக்கு ஆளு வேணும். வர்றியா?"

அட்டைக்கு மூக்குப்பொடி தடவிக்கொண்டு போனேன். அவளுடைய பதிவுத் தாள், அட்டைப் பலகை, பேனா மூன்றையும் என்னிடம் கொடுத்தாள். வாக்கி-டாக்கியில் ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம்.

ஏழு ஐம்பதுக்குக் கூட்டம் வந்தது. முதலில் பெரிய ஆண். பாலத்தின் முனையில் உட்கார்ந்து குழாயைப் பல்லால் கடித்துப் பார்த்தது. பிறகு எழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அவசரமே இல்லை. கீழே ஒரு பால் வண்டி போனது. அது குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அதன் பின்னால் ஒவ்வொன்றாக. ஒன்று என்று சொன்னேன். இரண்டு என்றேன். வாக்கி-டாக்கியில் பெனிட்டா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஏழாவது, குட்டியை வயிற்றில் தொங்கவிட்டிருந்தது. எட்டு என்று சேர்த்துச் சொன்னேன். பதினொன்றாவது தனியாக வந்த குட்டி. பாலத்தின் நடுவில் நின்று கூப்பிட்டது. பன்னிரண்டாவது பின்னாலிருந்து தள்ள, நடந்தது.

பதின்மூன்றுக்குப் பிறகு இடைவெளி விழுந்தது. பைனாகுலரைக் கிளைக்குத் திருப்பினேன். மூன்று வயதுள்ள ஒன்று கவட்டையில் உட்கார்ந்து சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. பூச்சி தேடியிருக்கும். செடியின் இலைகளை ஒதுக்கியது. காயைப் பிடித்துத் திருகியது. கையோடு வந்துவிட்டது. மோந்து பார்த்தது, ஒரு கடி கடித்தது. மிச்சத்தை மென்று விழுங்கிக்கொண்டே பாலத்தில் ஏறியது.

"என்ன ஆச்சு? எதுக்கு நிறுத்திட்டே?" என்றது வாக்கி-டாக்கி.

"பதினாலு" என்றேன்.

கடைசியாக இருபத்து மூன்று. எல்லாம் கடந்துவிட்டன, ஒன்றுகூட ரோட்டில் இறங்கவில்லை. கீழே பெனிட்டா சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிவிட்டு, உடனே சுற்றும்முற்றும் பார்த்தாள்.

மேட்டுக்கு ஏறி வந்து தாளை வாங்கினாள். நேரம், மரம், எண்ணிக்கை எல்லாம் எழுதியிருந்தேன். உணவு என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"யாருமே எதுவும் சாப்பிடலையா?"

"பதினாலாவது சாப்பிட்டுச்சு."

"என்ன?"

சொன்னேன். அவள் பைனாகுலரை என் கழுத்திலிருந்து எடுத்து, கிளையைப் பார்த்தாள். இலைகள் இருந்தன, அவற்றில் இரண்டு ஒடிந்திருந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கடிச்சுத் துப்பிச்சா, முழுங்கிச்சா?" பைனாகுலரை இறக்காமலே கேட்டாள். தாளில் அதற்கு இரண்டு தனித்தனிக் கட்டங்கள் உண்டு.

"முழுங்கிருச்சு."

"அப்ப நீயே எழுது. எனக்கு அதோட முழுப் பேரு எழுத வராது."

எழுதினேன். செடியின் முழுப் பெயர். பாகம்: காய், முதிராதது. சாப்பிட்டது.